செவலைக்கு நீர்க்கடுப்பு: மூன்று பூனைகள் உள்ள வீட்டில் எந்த உணவை வாங்குவது?

கேள்வி: பெருந்துறையிலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. செவலை என்று நாங்கள் கூப்பிடும் கடுவனுக்கு ஐந்து வயது; கருத்தடை செய்தாகிவிட்டது; எடை ஆறு கிலோ. அதன் தாய் மணிக்கு ஏழு வயது. மாசி மாதத்தில் பக்கத்துத் தறிக் குடோனிலிருந்து எடுத்து வந்த பெண் குட்டிக்கு இப்போது நான்கு மாதம் இருக்கும்.

போன மாதம் மாரியம்மன் நோம்பிக்கு உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருந்த வாரத்தில், செவலை ஒரு மணி நேரத்துக்குள் ஏழெட்டு முறை மண் தட்டுக்குப் போய்க் குந்தியதையும், ஒவ்வொரு முறையும் மண் நனையாமலே இருந்ததையும் என் அம்மாதான் முதலில் கவனித்தார். அன்றிரவே ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்து அடைப்பை நீக்கினார். மூன்று நாள் அங்கேயே இருந்தது. சிறுநீரில் ஸ்ட்ருவைட் படிகங்கள் இருப்பதாகவும், ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை என்றும் கூறி, யூரினரி உலர் உணவை மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம் தொடங்கியது. மூன்றும் இதுவரை ஒரே வட்டலில் தின்று பழகியவை. செவலையின் உணவைக் குட்டி தின்கிறது, குட்டியின் உணவைச் செவலை தின்கிறது. மருத்துவ உணவு கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும்போது மூன்றுக்கும் அதையே போடுவது எங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது ஒரு கவலை. போடலாமா, அது மற்ற இரண்டுக்கும் கெடுதல் செய்யுமா என்பது அதைவிடப் பெரிய கவலை. வீட்டில் கோழிக்கறி வேகவைத்துக் கொடுத்தால் போதாதா என்று அம்மா கேட்கிறார். என் அம்மாயியோ, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவை வேரோடு கொதிக்க வைத்துக் கொடுத்தால் கல்லெல்லாம் கரைந்துவிடும் என்கிறார். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். போசியில் இரண்டு நாள் வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. அந்தத் தண்ணீரால் இது வந்திருக்குமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உணவைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடுவனும் இதே போலத்தான் குந்திக் குந்தி எழுந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். அடுத்த நாள் வாந்தி எடுத்தது. வயிற்றைத் தொட்டால் கத்தியது. மாலையில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே கூடைக்குள் அசைவு நின்றுவிட்டது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது என்பதும், அது முழுதாக அடைபட்டால் ஓரிரு நாளில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. ஒரு முறை அடைபட்ட பூனைக்கு மறுபடியும் அடைபட வாய்ப்பு உண்டு. எந்த உணவைக் கொடுத்தாலும், சொட்டுக்கூட வராமல் குந்துகிறது என்றால் இரவு எந்நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

மறுமொழி 2: நாமக்கல்லிலிருந்து

கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பூனையைப் பார்த்த மருத்துவரின் சொல்லே இறுதியானது. அதைப் புரிந்துகொள்ள இது உதவட்டும்.

பூனைகளுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படிவது. சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தால் எளிதில் உருவாகும். சரியான உணவு கொடுத்தால் சில வாரங்களில் கரைந்தும் விடும். கால்சியம் ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரையாது. அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். 1980களில் மக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும் உணவுகள் உலகெங்கும் பரவியதையடுத்து ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால் ஆக்சலேட் கற்கள் பெருகின. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் இயங்கும் கல் பகுப்பாய்வு மையத்தின் பதிவுகளில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அமிலமாக்கும் உணவை மருத்துவர் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் போடுவதும், அதன் மேல் வைட்டமின் சி போன்றவற்றைச் சேர்ப்பதும் தவறு.

செவலைக்குக் கல் இல்லை, படிகம் மட்டுமே என்கிறீர்கள். நலமாக இருக்கும் பூனையின் சிறுநீரிலும் ஸ்ட்ருவைட் படிகம் இருக்கலாம். எடுத்த சிறுநீர் சோதனைக்கு முன் ஆறிக் கிடந்தாலே படிகம் கூடிவிடும். கடுவன்களை அடைப்பது பெரும்பாலும் சளியும் புரதமும் படிகத்தோடு கலந்து இறுகிய ஓர் அடைப்பான். சிறுநீர்ப்பை புண்பட்டு வீங்கியிருந்தால்தான் அந்தச் சளி அதிகம் சுரக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் இந்த வீக்கத்துக்குப் பல வேளைகளில் கிருமியோ கல்லோ காரணமாக இருப்பதில்லை. மன அழுத்தத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நோம்பிக்கு வீடு நிறைந்த வாரத்தில் இது நேர்ந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. மூன்று பூனைகளுக்கு நான்கு மண் தட்டுகள் வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். ஆள் நடமாட்டம் கூடும் நாட்களில் செவலைக்கென ஓர் அறையை ஒதுக்கிவிடுங்கள்.

இனி உணவு. கடைகளில் யூரினரி என்ற சொல்லோடு விற்கும் எல்லாப் பாக்கெட்டும் ஒன்றல்ல. ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி போன்றவை மருத்துவர் பரிந்துரையில் கொடுக்க வேண்டியவை. யூரினரி கேர் என்று பொதுவாக விற்பவை அந்த அளவுக்குச் சிகிச்சைத் திறன் கொண்டவை அல்ல. மருத்துவ உணவிலும் கல்லைக் கரைப்பதற்காகக் குறிப்பிட்ட காலம் மட்டும் கொடுக்கும் வகையும், மீண்டும் வராமல் தடுக்க நெடுநாள் கொடுக்கும் வகையும் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த வகை, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பாக்கெட்டின் பெயரைவிடப் பூனையின் உடலுக்குள் போகும் தண்ணீரின் அளவையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பூனையின் மூதாதை பாலை நிலத்துக் காட்டுப் பூனை; இரையிலிருந்தே நீரைப் பெற்று வாழ்ந்தது; எனவே அதற்குத் தாக உணர்வு குறைவு. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 மில்லி என்று வைத்தால், செவலைக்கு அதன் சரியான எடையான ஐந்து கிலோவுக்கே 250 மில்லி நீர் நாளொன்றுக்கு வேண்டும். நாளைக்கு 65 கிராம் உலர் உணவு தின்றால் அதிலிருந்து கிடைக்கும் நீர் ஆறேழு மில்லி. ஏறத்தாழ அதே ஆற்றலைத் தரும் 85 கிராம் ஈர உணவுப் பவுச் மூன்றைத் தின்றால் 200 மில்லி. மீதியைத் தானாகக் குடித்து ஈடுகட்டும் பூனையை என் பணிக்காலத்தில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். சிறுநீர் நீர்த்துப் போனால் படிகம் எதுவும் சேர இடமில்லை. ஸ்ட்ருவைட், ஆக்சலேட், வெறும் வீக்கம் மூன்றுக்கும் இது பொருந்தும்.

போர் தண்ணீரால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பூனை குடிக்கும் நூறு மில்லியில் வரும் தாது, உணவில் வருவதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் சுவை பிடிக்காமல் குறைவாகக் குடித்தால் அதுவே கெடுதல். நீங்கள் குடிக்கும் நல்ல தண்ணீரையே அகன்ற போசியில், விளிம்பு மீசையில் உரசாதபடி, உணவு வட்டலுக்கு எட்ட வையுங்கள்.

தாய்ப் பூனை மணிக்கு இந்த உணவைக் கொடுக்கலாம். அதற்கு முன் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துச் சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்யுங்கள். குட்டிக்குக் கூடவே கூடாது. வளரும் எலும்புக்கு வேண்டிய தாதுக்கள் இதில் குறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வயது வரை அதற்குக் குட்டிகளுக்கான உணவுதான்.

வெறும் கோழிக்கறி முழு உணவாகாது. அதில் கால்சியம் மிகக் குறைவு. பூனையால் தன் உடலில் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள முடியாத டாரின் என்ற சத்தும் வேகவைத்த தண்ணீரோடு போய்விடும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிச் செயலிழக்கும் என்பதை 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் குழுவினர் கண்டறிந்த பிறகுதான், உணவு நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. கறியை உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து, அந்தச் சாற்றை உணவின் மேல் ஊற்றிக் கொடுப்பது நல்லது. பள்ளிபாளையம் சிக்கன் செய்த சட்டியில் மிஞ்சிய மசாலாவை மட்டும் எந்தப் பூனைக்கும் வைத்துவிடாதீர்கள். சின்ன வெங்காயம் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம்.

அம்மாயி சொன்ன பூளை நம் ஊரில் மனிதருக்குக் காலங்காலமாகக் கொடுத்து வருவது. அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் பூனைக்கு அதைக் கொடுத்துக் காத்திருக்கும் நேரம், அடைபட்ட கடுவனுக்கு இல்லாத நேரம்.

மறுமொழி 3: திருப்பூரிலிருந்து

மருத்துவர் ஐயா எழுதியதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். ஒன்றுக்கு மட்டும் யூரினரி உணவு. இரண்டு ஆண்டுகளாகச் சமாளித்து வருகிறோம். முதலில் செய்ய வேண்டியது, நாள் முழுவதும் உணவு நிறைந்திருக்கும் வட்டலை எடுத்துவிடுவது. காலையில் ஒரு முறை, பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை என்று வேளைக்கு இருபது நிமிடம் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். நான்கைந்து நாள் கத்தின, பிறகு பழகிக்கொண்டன.

குட்டி இருந்தபோது ஒரு தக்காளிப் பெட்டியைப் பயன்படுத்தினோம். மார்க்கெட்டில் கிடைக்கும் அந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் குட்டியின் தோள் மட்டும் நுழையும் அளவுக்கு அறுத்து, வெட்டிய விளிம்பைத் துணி சுற்றித் தைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டோம். வட்டலை உள்ளே எதிர் மூலையில் வைக்க வேண்டும். பெரிய பூனை தலையை விட்டுப் பார்க்கும், தோள் நுழையாது, வாயும் எட்டாது. ஆறு கிலோ செவலைக்கு இது நிச்சயம் வேலை செய்யும்.

மூன்று வேளையும் பவுச் வாங்க எங்களால் முடியவில்லை. ஒரு வேளை அதே வகை மருத்துவ ஈர உணவு, மற்ற வேளைகளில் மருத்துவ உலர் உணவோடு ஒரு பங்குக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுக்கிறோம். சித்திரை வெயிலில் ஊறிய உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொட்டிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோபிசெட்டிபாளையத்து அம்மாவின் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்; கேட்டு முடித்ததும் எதுவும் சொல்லாமல் போய்ச் செவலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு ஐயம். ஊறவைத்த உணவைச் செவலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்குகிறது. பசி வந்தால் தின்னும் என்று விட்டுவிடலாமா?

மறுமொழி: நாமக்கல்லிலிருந்து

விட்டுவிடக் கூடாது. உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது தனி நோயாகிவிடும். முதல் நாள் ஒரு தேக்கரண்டித் தண்ணீரை மட்டும் தெளித்துக் கொடுங்கள். நாளுக்கொரு தேக்கரண்டி கூட்டி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். எந்த உணவை மாற்றினாலும் இதே பத்து நாள் கணக்குத்தான். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தால் பழைய முறைக்கே திரும்பி, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கட்டியாகும் பூனை மண் வாங்கிப் போட்டால் நாளுக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று எண்ண முடியும். இரண்டு முதல் நான்கு வரை இருந்தால் நல்லது. சின்னச் சின்னதாகப் பத்துக் கட்டி கிடந்தால் வீக்கம் திரும்புகிறது என்று பொருள். கட்டியே இல்லாவிட்டால் உடனே கிளம்புங்கள்.

கேட்டவரின் பதில், மூன்று வாரங்களுக்குப் பின்

தண்ணீரைத் தேக்கரண்டி கணக்கில் கூட்டியது பலித்தது. பன்னிரண்டாம் நாளில் செவலை முழுக்க ஊறிய உணவைத் தின்றுவிட்டது. தக்காளிப் பெட்டி ஆசாரத்து மூலையில் இருக்கிறது. குட்டி அதற்குள்ளேயே தூங்கவும் தொடங்கிவிட்டது. மணியின் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தில் குறையில்லை என்று வந்ததால், அதுவும் செவலையும் ஒரே உணவில் இருக்கின்றன. அம்மாயி இப்போது பூளையைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் எழுந்ததும் மண் தட்டைப் பார்த்துவிட்டு, கட்டிகளின் எண்ணிக்கையை நாள்காட்டித் தாளில் எழுதி வைக்கிறார். நேற்றைய தாளில் செவலைக்கு மூன்று என்று இருக்கிறது. அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை வருகிற திங்களன்று.