51 ககாபோவில் இருந்து மீண்ட கூட்டம்: மரபணுவைப் படித்து என்ன பயன்?

நாட்டுக்கோழி:
நான் வீட்டில் கோழி வளர்ப்பவன். ஒரே சேவலின் வாரிசுகளையே நாலு தலைமுறை விட்டால் அடை வைத்ததில் பாதி கூமுட்டை, பொரிக்கிற குஞ்சும் நோஞ்சான். அதனால் வெளியூர்ச் சேவல் வாங்கி மாற்றிவிடுவோம். நியூசிலாந்தின் பறக்காத கிளி ககாபோ 1995இல் மொத்தமே 51தான் இருந்ததாம். வெளியூர்ச் சேவலுக்கு எங்கே போவது? அப்புறம் உயிரோடு இருக்கிற ஒவ்வொன்றின் மரபணுவையும் முழுசாகப் படித்து என்ன ஆகப்போகிறது, அந்தக் காசுக்குப் பூனை வராமல் காவல் காக்கலாமே?

தேன்சிட்டு:
காவல் எப்போதோ போட்டாயிற்று. பூனையும் ஸ்டோட்டும் (கீரி மாதிரி வேட்டையாடும் சின்ன விலங்கு) இல்லாத தீவுகளில்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள், 2022இல் எண்ணிக்கை 252ஐத் தொட்டது. ஆனால் அங்கத்து ரிமு என்ற மரம் நன்றாகக் காய்க்கிற வருடம்தான் இவை இணைசேரும், அது இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அதிலும் ஏறக்குறைய பாதி முட்டை பொரிப்பதில்லை. உங்கள் கோழிக்கதையேதான். யார் யாருக்கு நெருங்கிய சொந்தம், எந்த ஆணை எந்தத் தீவில் விடுவது, செயற்கைக் கருவூட்டலுக்கு எதன் விந்து என்பதற்கெல்லாம் மரபணுத் தகவல் வேண்டும். 2019இல் விந்தை டிரோனில் ஏற்றித் தீவுக்குள் அனுப்பினார்கள் என்றால் பாருங்கள்!

வெளியூர்ச் சேவலும் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற ஸ்டூவர்ட் தீவு வம்சம். ரிச்சர்ட் ஹென்றி என்ற ஆண் மட்டும் 1975இல் பெருநிலத்தில், ஃபியோர்ட்லாந்து என்ற பகுதியில் பிடிபட்டவன். 1998இல் ஃப்ளாஸி என்ற பெண்ணோடு சேர்ந்து மூன்று குஞ்சு.

காட்டுவாசி:
அங்கேதான் சிக்கல். 2021இல் வந்த ஆய்வில், ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளைவிட பெருநிலத்தில் முன்பு வாழ்ந்த பறவைகளிடம்தான் கெட்ட மரபணு மாற்றம் அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தெரிந்தது. தீவில் சுமார் 10,000 வருடம் சின்னக் கூட்டமாகவே ஒதுங்கிக் கிடந்ததால், கெட்டதை அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வாங்கிய குஞ்சு தேறாமல் போய், அந்த மாற்றங்களே மெல்ல மெல்லக் கழிந்துவிட்டன. நான் நேர்மாறாகத்தான் நினைத்திருந்தேன்.

நாட்டுக்கோழி:
சரி, அப்போ ரிச்சர்ட் ஹென்றி வம்சமே வேண்டாமா?

காட்டுவாசி:
அப்படி ஒதுக்கவும் முடியாதுங்க. தீவு வம்சத்திடம் இல்லாத நல்ல மரபணுவும் அவனிடம்தானே இருந்திருக்கும். 2019இல் அஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சைநோய் வந்து பல பறவைகள் செத்தன. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அடுத்த நோய் மொத்தமாக வாரிக்கொண்டு போகும். 2023இல் 169 பறவைகளின் முழு மரபணுவை வைத்து, குஞ்சு எப்படி வளரும், எதை நோய் தாக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கப் பார்த்தார்கள். சேர்ப்பதா விடுவதா என்று மொத்த வம்சத்துக்கும் ஒரே முடிவு எடுக்காமல், ஒவ்வொரு பறவையாகப் பார்க்கலாம்.

தேன்சிட்டு:
இன்னொன்று, இந்தத் தரவை யாரும் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஙாய் தாஹு என்ற மவோரி (நியூசிலாந்துப் பூர்வகுடி) மக்களுக்கும் அதில் உரிமை உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நாட்டுக்கோழி:
நல்லதுங்க. அடுத்த சந்தையில் சேவல் வாங்கும்போது அதன் அப்பன் பாட்டனை விசாரிக்கப் போகிறேன். விற்கிறவர் அடிக்காமல் விட்டால் சரி.