சீலியாக் மருந்து ஆய்வில் சேரலாமா?

கோதுமைக்கு டாட்டா: எனக்குச் சீலியாக் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைச் சேதப்படுத்தும் நோய்) என்று தெரிந்து நான்கு வருடம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பதைக் கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது! இப்போது ஒரு மருந்து ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆறு வாரம் தினமும் குளூட்டன் சாப்பிட வேண்டும், முன்னும் பின்னும் எண்டோஸ்கோபி. கிடைப்பது மருந்தா, வெற்று மாத்திரையா என்று டாக்டருக்கே தெரியாதாம். யாராவது சேர்ந்திருக்கிறீர்களா?

சோளதோசை: 2021இல் வெளியான இசட்இடி1227 என்ற சீலியாக் மருந்தின் ஆய்விலும் இதே ஆறு வாரம்தான், தினமும் 3 கிராம் குளூட்டன். மருந்து எடுத்தவர்களுக்குக் குடல் சேதம் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்கள்தான் பாவம்.

பழையசோறு: நான் வேறோர் ஆய்வில் சேர்ந்தேன். மூன்றாம் நாளே வயிறு பானை மாதிரி. இரண்டாம் வாரம் விலகிவிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சம்மதப் படிவத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? அப்புறம், முடிந்தபின் குடல் ஆறியதா என்று யார் பார்ப்பார்கள்?

கோதுமைக்கு டாட்டா: செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சரி, நாளைக்கே கேட்கிறேன்.