பேட்ச் குரூப்பில் திரும்பி வந்த முதல் காதல்: அருகில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கறுப்புக்கோட்டு

98 பேட்ச், வெள்ளி விழா, குரூப்பில் சேர்த்த நம்பர், தனியா ஒரு 'ஹாய்', கல்யாணமானவங்களுக்கு மறுபடி பழைய காதல். இந்த முன்கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். கண்ணை விட்டுப் போகாதது குடும்பநல நீதிமன்ற வராண்டாவில் நின்ற ஒரு மனுஷன்தான். மனைவியோட வாட்ஸ்அப் அரட்டை மொத்தமும் பிரின்ட், 212 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். மேல பிளாஸ்டிக் அட்டை. பிள்ளைங்க ரெக்கார்டு நோட்டுல ஒட்டுற லேபிள்ல வழக்குத் தலைப்பு. முக்கியமான வரிக்கெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர்.

அந்த 212 பக்கத்தால பெருசா பிரயோஜனம் இல்லை. மனைவி போன் திரையைத் தன் போன்ல படம் பிடிச்சிருக்கார். பிரின்ட் போட்டதும் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டார். பாரதிய சாட்சிய அதினியம் (புது சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோட கொடுக்கிற சான்றிதழ்ல இரண்டு பகுதி உண்டு: ஏ பகுதியை ஆவணம் கொடுக்கிறவர் நிரப்பணும், பி பகுதியை நிபுணர். ரெண்டுலயும் கோப்போட ஹாஷ் மதிப்பு (கோப்புக்கு ஒரு கைரேகை மாதிரி) எழுதணும். மூலக் கோப்பே இல்லாதப்ப எதுக்கு ஹாஷ் எடுக்கிறது? குடும்ப நீதிமன்றச் சட்டம் 14ஆம் பிரிவு சாட்சிய விதிகள்ல கொஞ்சம் தளர்வு தருது. கணவன் மனைவி ரகசியமாப் பதிஞ்ச பேச்சையும் மண வழக்கில் சாட்சியா எடுக்கலாம்னு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. ஆனா 'இது திருத்தினது'னு எதிர்த்தரப்பு எழுந்து நின்னா, வெறும் பைண்டிங் பதில் சொல்லாது.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொண்ணு. விஷயம் தெரிஞ்ச பிறகு மன்னிச்சுட்டேன்னு சொல்லி, மூணு மாசம் ஒரே வீட்ல, நடுவுல கொடைக்கானல் டிரிப் வேற. இந்து திருமணச் சட்டம் 23(1)(பி): தெரிஞ்சே மன்னிச்சு மறுபடி சேர்ந்து வாழ்ந்தா, அந்தத் தவறையே காரணமா வெச்சு விவாகரத்து கேக்க முடியாது. கொடைக்கானல் போட்டோவை எதிர்த்தரப்பு தாக்கல் பண்ணுச்சு. அதுக்குச் சான்றிதழ் எல்லாம் கச்சிதம்.

'ரெண்டு பேரையும் உள்ள தள்ளணும்'னு வர்றவங்களுக்கு: கள்ள உறவைக் குற்றமாக்கின இந்திய தண்டனைச் சட்டம் 497 போயாச்சு, 2018 செப்டம்பர் 27. புதுச் சட்டத்துலயும் அது திரும்பி வரலை. ஜெயில் கிடையாது, விவாகரத்துக்கான காரணம் மட்டும் இருக்கு. 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தடவை நடந்தாலே போதும், 'தொடர்ந்து வாழ்ந்தார்'னு காட்டத் தேவையில்லை.

நாலாவது டிவைஸ்

வக்கீல் சார் கோர்ட்டுல இருந்து ஆரம்பிக்கிறார். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டேஜ் இருக்கு, அது எங்க மாதிரி செல்போன் சர்வீஸ் கடைங்கள்ல நடக்குது. ஒரு பையன் லேப்டாப்ல ஸ்பீக்கர் வேலை செய்யலன்னு கொண்டாந்தான். சரி பண்ணி ஆன் பண்ணா 'டிங்'னு வாட்ஸ்அப். 'சாப்ட்டியா கண்ணா'. அது அவங்க அப்பா அக்கவுண்டு. என்னிக்கோ ஒரு பிடிஎஃப் பிரின்ட் எடுக்க லிங்க் பண்ணி, லாக் அவுட் பண்ணாம விட்டது. கவுண்டர் பக்கத்துல அம்மா நிக்கிறாங்க. ஸ்பீக்கர் நல்லா வேலை செஞ்சிச்சு.

மெயின் போன் போக இன்னும் நாலு டிவைஸ் வரைக்கும் லிங்க் ஆகும். 'லிங்க்டு டிவைசஸ்'ல போய்ப் பார்க்குறவங்க ரொம்பக் கம்மி. மறையுற மெசேஜ் (24 மணி நேரம், 7 நாள், 90 நாள்) போட்டா போச்சுன்னு நினைக்கிறாங்க. அந்தப் பக்கம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா எங்க மறையும்? போட்டோவை டெலிட் பண்ணுவாங்க, ஆனா கூகுள் போட்டோஸ் வீட்டு டேப்லெட்டுல இருக்குற அதே ஐடியில பேக்கப் ஆகி, முகத்தை வெச்சுத் தனி ஆல்பமே போட்டிருக்கும்.

மொத்தத்துல வில்லன் ஃபாஸ்டேக். வண்டி புருஷன் ஓட்டுவார், டேக் பொண்டாட்டி நம்பர்ல இருக்கும். 'செங்கல்பட்டுல ஆடிட்'னு சொல்லிட்டுப் போனா, பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டின்னு டைமோட வரிசையா எஸ்எம்எஸ் வரும். செங்கல்பட்டு ஆடிட்டுக்கு விக்கிரவாண்டி எதுக்கு?

இன்னொண்ணு. 'அவங்க போன்ல வேவு பார்க்க ஒரு ஆப் போட்டுக் குடுங்க'ன்னு வர்றாங்க. போடக் கூடாது, போட்டுக் குடுக்கவும் கூடாது. ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 43, 66. மூணு வருஷம் வரை ஜெயில். தப்பு பண்ணவருக்கு ஜெயில் இல்ல, கண்டுபிடிக்கப் போனவருக்கு இருக்கு.

இரவு டூட்டி

கேஷுவாலிட்டியில் பார்த்தது. ஆண், 52, நெஞ்சு வலி, வியர்வை. கூட வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டார். உறவு என்ன என்று கேட்டால் 'தெரிஞ்சவங்க'. நாக்கடியில் சார்பிட்ரேட் (நைட்ரேட் வகை மாத்திரை) வைக்கக் கை போகும்போது அந்தப் பெண் ஓடி வந்து நர்ஸின் காதில் சொன்னார்: 'மத்தியானம் ஒரு மாத்திரை போட்டாரு.' அந்த ஒரு வரிதான் அன்று பெரிய உதவி.

காரணம்: விறைப்புக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கொடுத்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும். ஏற்கெனவே தினமும் நைட்ரேட் எடுக்கிற இதய நோயாளி இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் வழக்கமான சிகிச்சையைத்தான் தொடங்குவார்.

உடலுறவு இதயத்துக்குத் தரும் வேலை, இரண்டு மாடி ஏறுவது போலத்தான். அதனால் மரணம் அபூர்வம். ஆனால் அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை சொல்வது: அந்த நேரத்தில் நடந்த மரணங்களில் பெரும்பாலானவை ஆண்கள், அதிலும் முக்கால்வாசி மண உறவுக்கு வெளியே. பழக்கமில்லாத இடம், வயிறு முட்டச் சாப்பாடு, மது. படி ஏறும்போதே மூச்சு வாங்குபவர் முதலில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கட்டும்.

பெண்களுக்கு: 45 வயதில் நான்கு மாதம் தள்ளிப்போனால் 'நின்னுடுச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். 50க்குள் என்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து 2 வருடம், 50க்கு மேல் 1 வருடம், கருத்தடை தேவை. இந்த வயதில் வரும் பிறப்புறுப்பு வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழியும். எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான ஜெல் தனியாகக் கடையில் கிடைக்கும். பள்ளியில் தெரிந்த ஆள் என்பது ரத்தப் பரிசோதனை ஆகாது. சந்தேகம் என்றால் 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்ஐவி தடுப்பு மருந்து 28 நாள் தரலாம். அது கடந்துவிட்டால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. விவரம் கேட்க 1097.

வெள்ளிவிழாக் கமிட்டி

எல்லாரும் வந்து ரீயூனியன் தலையில் கட்டுறீங்க. நம்பர் லிஸ்ட்டை எக்ஸெல்ல போட்டு குரூப்புல தள்ளுறதுதான் தப்பு. கூகுள் ஃபார்ம்ல 'என் எண்ணை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்'னு ஒரு கட்டம் வைங்க, டிக் பண்ணவங்க நம்பரை மட்டும் கொடுங்க. குடும்பத்தோட வரச் சொல்லுங்க. பழைய ஜோடிப் பெயரைச் சொல்லி மைக்ல கலாய்க்கிறவன்கிட்ட மைக் தராதீங்க. அவ்வளவுதான். பிரியாணி மிச்சமானதைப் பத்தி யாரும் பேசுறதில்லை.

ஆலோசகி

சட்டம், போன், மாத்திரை எல்லாம் சரி. ஏன் இது இவ்வளவு வேகமாகப் பற்றிக்கொள்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. ஆலோசனை அறையில் ஒரு பெண், 45 வயது. 'அவனோட பேசும்போது எனக்குப் பதினேழு வயசு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மகள். 'அம்மா, மாவு டப்பா மூடி எங்க?' பதில் சொல்லி வைத்தவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அழவும் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் நடுவயதில் மிக அடர்த்தியாக மேலே வரும். உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம் இது. அந்தக் காலத்து ஆளோடு மின்சார பில், மாமியார் மருந்து, பிள்ளையின் நீட் மார்க் எதையும் பகிர்ந்ததில்லை. சண்டை போட்டுப் பிரிந்ததும் இல்லை, வீட்டில் பிரித்தார்கள். அதனால் குறை ஒன்றும் தெரியாத படமாக நின்றுவிடுகிறது. பழகத் தொடங்கும் புது ஆளிடம் இருக்கும் எச்சரிக்கையும் இங்கே இல்லை.

பழைய காதலர்கள் மறுபடி சேர்வதை ஆராய்ந்த உளவியலாளர் நான்ஸி கேலிஷின் 72 சதவீதத்தை யாராவது எடுத்து வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 1990களில் 1,001 பேரிடம் அவர் கேட்டபோது, மீண்டும் சேர்ந்தவர்களில் 72 சதவீதம் பேர் அப்போதும் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். தனியாளாக இருக்கும்போது மீண்டும் சந்தித்தவர்களும் அதில் ஏராளம். வீட்டில் ஒரு துணை இருக்கும்போது தொடங்கியதற்கு அந்த எண்ணை நீட்டுவது கணக்குத் தெரியாத செயல்.

நிறுத்த நினைப்பவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் 'கடைசியா ஒரு தடவை பார்த்துப் பேசிடலாம்' என்பது. அங்கேதான் மறுபடி தொடங்கும். ஒரே செய்தி போதும், ஐந்தாறு வரி. காரணம் விளக்காதீர்கள், விளக்கம் பதிலைக் கேட்கும். அனுப்பிய பிறகு பேட்ச் குரூப்பிலிருந்தும் வெளியேறுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை மட்டும் பதில் போடுவது மிக மோசம், எப்போது வரும் என்று தெரியாத பதிலுக்குத்தான் மனம் அதிகம் ஏங்கும்.

துணையிடம் சொல்வதென்றால் ஒரே அமர்வில் சொல்லுங்கள்: யார், எப்போதிலிருந்து, எங்கே, பணம் எவ்வளவு, யாருக்கெல்லாம் தெரியும். படுக்கை விவரம் வேண்டாம், கேட்டவருக்கு அது காட்சியாக நின்றுவிடும். திங்கள் கொஞ்சம், வியாழன் கொஞ்சம் என்று சொட்டுச் சொட்டாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் அடிதான். வாய் வராவிட்டால் கடிதமாக எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்காருங்கள்.

கறுப்புக்கோட்டு

@ஆலோசகி, எழுதிக் கொடுக்கச் சொல்லாதீங்க மேடம். கையெழுத்துப் போட்ட கடிதம் நாளைக்கு ஒண்ணாம் நம்பர் சான்றாவணம். கணவன் மனைவி பேச்சுக்கு உள்ள பாதுகாப்பு, அவங்களுக்குள்ள நடக்கிற வழக்குல கிடையாது.

ஆலோசகி

@கறுப்புக்கோட்டு, வழக்குக்குப் போகாமல் இருப்பதற்காகத்தானே எழுதச் சொல்கிறேன். வாசித்துக் காட்டிவிட்டு அங்கேயே கிழித்துப் போடட்டும்.

கறுப்புக்கோட்டு

கிழிக்கிறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துடுவாங்க, நாலாவது டிவைஸைக் கேளுங்க.

ஜீவனாம்சம் பத்தி ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டீங்க: பிஎன்எஸ்எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 144(4)இல் உள்ளது 'தகாத உறவில் வாழ்ந்துவருகிற' மனைவி. முன்னொரு காலத்துல ஒருமுறை நடந்ததை வெச்சு ஜீவனாம்சத்தை நிறுத்த முடியாது, தொடர்ச்சி காட்டணும். விவாகரத்துக்கு ஒரு தடவை போதும், இதுக்குப் போதாது. ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் பாதி மனு தோத்துப்போகுது.

இரவு டூட்டி

அந்த 212 பக்கம் என்ன ஆச்சு?

கறுப்புக்கோட்டு

பழைய மனுவை வாபஸ் வாங்கிட்டு ரெண்டு பேரும் 13பி, அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்து, போட்டாங்க. ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தாச்சு, ஆறு மாசக் காத்திருப்பைத் தள்ளுபடி பண்ணக் கேட்டு மனு, உச்ச நீதிமன்றத்தோட 2017 தீர்ப்புப்படி அதுக்கு வழி இருக்கு. கடைசி நாள் அவர் கோர்ட் ஆபீஸ் ஜன்னல்ல போய் பைண்டிங்கைத் திருப்பிக் கேட்டார். பெண் கல்யாணம் பேசுறாங்க, அது ரெக்கார்டு ரூம்ல இருக்கக் கூடாதாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 13, ரூல் 9இன்படி தனியா மனுப் போடணும்னு சொன்னாங்க. போட்டிருக்கார்.