மகளிரியலை மைனராக எடுத்தால் வேலைக்கு ஆகுமா?

கொங்கு_அப்பா: மகள் பி.ஏ. பொருளியல் படிக்கிறாள். மைனராக, அதாவது துணைப் பாடமாக, மகளிரியல் எடுக்கப்போகிறாளாம். டேட்டா அனலிடிக்ஸும் இருக்கிறது. நாளைக்கு இன்டர்வியூவில் இதை வைத்து என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தாமரை: எடுக்கட்டும் அண்ணா. பொருளியலுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். சமையல், பாத்திரம், துணி என்று போகும் அந்த ஐந்து மணி நேரம் ஜிடிபி கணக்கில் ஏறுவதே இல்லை. ஏன் என்று கேட்கத் தெரிந்தவள்தான் நல்ல பொருளியல் மாணவி.

வாத்தியார்_திருச்சி: அதைப் பொருளியல் தாளிலேயே நடத்த வேண்டும் என்கிறேன் நான். தனி மைனர் வைத்தால் மற்ற துறைகள் 'அது அவங்க பாடம்' என்று கைகழுவிவிடும். வகுப்பில் உட்காருவதும் பெண் பிள்ளைகள் மட்டும்தான். கேட்க வேண்டிய பையன்கள் அந்தப் பக்கமே வருவதில்லை.

செந்தாமரை: பையன்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி சார். ஆனால் ஒரு துறைக்குள் அடங்காத கேள்விகளை என்ன செய்வது? மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் திருத்தியது. நாடு முழுக்க வந்தது 2005-இல்தான். இன்றைக்கும் பத்திர ஆபீசில் அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 'கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே' என்பார்கள். கேஸ் போட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், நாளைக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற பயமும் உண்டு. சட்டம் படித்தவருக்குப் பிரிவு தெரியும், பொருளியல்காரருக்கு நில விலை தெரியும். அவள் ஏன் கையெழுத்துப் போடுகிறாள் என்பதற்கு இரண்டும் போதாது.

வாத்தியார்_திருச்சி: நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். அதை நடத்த ஆள் வேண்டுமே அம்மா? நிரந்தர ஆசிரியர் இல்லாமல், ஒரே துறையிலிருந்து ஒருவரைக் கடன் வாங்கிக் கோட்பாடு மட்டும் நடத்தினால், பல துறை சேர்ந்த படிப்பு என்பது பேருக்குத்தான். பிள்ளைகள் நோட்ஸ் எடுத்துப் பரீட்சை எழுதிவிட்டுப் போவார்கள்.

கொங்கு_அப்பா: சரி, பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கிறேன். சட்டமும் புள்ளிவிவரமும் களப்பணியும் இருந்தால் எடுக்கட்டும். வெறும் கோட்பாடு என்றால் அனலிடிக்ஸ்தான்.

செந்தாமரை: பார்க்கும்போது மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. படிக்கப்போவது அவள்.