கிராம சபைக்குப் போவதால் ஏதாவது நடக்குமா?

ஆனையூர் வாடகை வீடு:
வேலை மதுரையில், குடியிருப்பது ஆனையூர்ப் பக்கம், ஓட்டு மட்டும் இன்னும் உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்த ஊரில். தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறிப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வருவதோடு நம் வேலை முடிந்ததா என்று கொஞ்ச நாளாகவே ஓர் உறுத்தல். டீக்கடையில் உட்கார்ந்தால் டெல்லி அரசியல் வரை பிரித்து மேய்கிறோம், ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும்தான். சரி, மே 1 லீவுதானே என்று கிராம சபைக்குப் போனேன். நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமார்தான் பாதிக்கு மேல். மேலிருந்து வந்த தாளை ஒருவர் கடகடவென்று வாசித்தார், கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது, அப்புறம் டீ, வடை. எங்கள் தெருச் சாக்கடை பற்றிப் பேச எழுந்தால் "எழுதிக் குடுங்க தம்பி, பாத்துக்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். இதற்குப் போவதால் உண்மையில் பலன் உண்டா, இல்லை, கணக்குக்கு ஒரு தலையா? ஓட்டை டவுனுக்கு மாற்றச் சொல்லி வீட்டிலும் நச்சரிக்கிறார்கள்.

மேலூர்க்காரன்:
என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க. அரிட்டாபட்டி டங்ஸ்டன் விஷயம் மறந்துபோச்சா? 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்தது என்று செய்தி வருகிறது. அந்த மாதம் 23ஆம் தேதி நடந்த கிராம சபையில் எங்கள் பக்கம் ஊர் ஊராக எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். டிசம்பரில் சட்டசபையிலும் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. வடைக்காக உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

செல்லூர் தறி:
மேலூர்க்காரரே, கோபித்துக்கொள்ள வேண்டாம், நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை அத்தனை ஜனமும் நடந்து வந்ததே, அதுதான் டெல்லிக்குக் கேட்டது. நோட்டில் எழுதியது மட்டும் இருந்திருந்தால் அது பீரோவில் தூங்கியிருக்கும். எங்களுக்கு அந்த நோட்டும் சரியாக இல்லை. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் கிராம சபை மாதிரியே பகுதி சபை என்று 2022 நவம்பர் 1இல் ஆரம்பித்தார்கள், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது யாரும் சபையைத் தேடவில்லை, கவுன்சிலர் நம்பரைத்தான் தேடினோம்.

நோட்டு தூக்கியவர்:
ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் உள்விவகாரம் கொஞ்சம் சொல்கிறேன். தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்த நோட்டில்தான் இருக்கிறது. கோரம், அதாவது கூட்டம் செல்ல குறைந்தபட்சம் வர வேண்டிய ஆட்கள் எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அதை நிரப்பத்தான் முதலில் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் எழுதுவது பல இடங்களில் சாயங்காலம், ஆட்கள் போன பிறகு. மேலே போட்ட கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதினாலும் நீங்கள் சம்மதித்ததாகத்தான் ஆகும். அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சாக்கடை எங்கே ஆரம்பித்து எங்கே அடைக்கிறது என்று ஒரே தாளில் எழுதி, அந்தத் தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு சபையில் கொடுத்து, தீர்மானமாக எழுதச் சொல்லி, எண் போட்டு வாசித்த பிறகு நகருங்கள். போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தால் இன்னும் நல்லது, முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வரவு செலவையும் வாசிக்கச் சொல்லுங்கள், தெருவிளக்குக்கு எவ்வளவு என்று ஓர் ஆள் கேட்டாலே அடுத்த கூட்டத்தில் தாள் தயாராக வரும். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போனால் வெறும் புகாரோடு போவதற்கும் தீர்மான எண்ணோடு போவதற்கும் வித்தியாசம் தெரியும். தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள் பாருங்கள், பிடித்து உலுக்க உள்ளூர்த் தலைவர் இல்லாத அந்த மாதிரி நேரத்தில் இந்த நோட்டு இன்னும் முக்கியம்.

கருமாத்தூர் அக்கா:
ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் எழுந்து நின்று "எழுதுங்க" என்று சொல்ல எல்லோராலும் முடிகிறதா என்பதையும் யோசிக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் என்கிறீர்கள், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை தெரிந்திருக்கும். 1996இல் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியதற்காக பத்து வருஷம் தேர்தலையே ஒழுங்காக நடத்தவிடவில்லை, ஜெயித்தவரையும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் முறையாக நடந்தது. மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனை வெட்டியே கொன்றார்கள். இன்றைக்கு அவ்வளவு இல்லை என்றாலும், எங்கள் ஊர் சபையில் காலனிப் பெண்கள் பேசினால் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வரத்தான் செய்கிறது. நீங்கள் படித்த பையன், டவுனிலிருந்து பேன்ட் போட்டு வந்தவர், உங்களையே உட்கார வைத்தார்கள் என்றால் அந்த நூறு நாள் வேலை அக்காமார் கதையை யோசியுங்கள். அடுத்த தடவை சாக்கடையோடு அவர்கள் கூலி பாக்கியையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதுங்கள், அவர்களே உங்களுக்குக் குரல் கொடுப்பார்கள்.

ஆனையூர் வாடகை வீடு:
அக்கா சொன்னது சுருக்கென்று இருந்தது. கூலி பாக்கி பற்றி அம்மாவிடம் போன் போட்டுக் கேட்கிறேன், அவர்களும் அந்த நூறு நாள் வேலை வருகைப் பதிவில்தான் இருக்கிறார்கள். ஓட்டு விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே.

நோட்டு தூக்கியவர்:
ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்தான் சபை உறுப்பினர். பெயரை எடுத்துவிட்டால் வேடிக்கைதான் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் நீங்கள் குடியிருக்கும் ஊரில்தான் இருக்க வேண்டும், அதுவும் சட்டம். ஆனையூரில்தான் இனி வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டால் மாற்றிவிடுங்கள், தாளை அம்மா கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது.