"புதிதாக நிறுவிவிடுங்கள்" என்பது ஒரு பதிலா?

செவ்வந்தி

மன்னார்குடியில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய மடிக்கணினிக்கு 12 வயது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 11ஐ ஏற்கும் தகுதி அந்தப் பெட்டிக்கு இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே ஓடியது. போன வாரம் அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்தார், வைஃபையைக் காணோம்.

நான் இருப்பது ஓசூரில். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "புதிதாக நிறுவிவிடுங்கள்." டிஸ்க்கை அழித்துவிட்டு மின்ட்டை முதலிலிருந்து போடு என்று அர்த்தம். என்ன வைஃபை சிப், எந்தக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போனிலேயே பெரியப்பாவிடம், "ரீஸ்டார்ட் செய்யுங்கள், கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டுங்கள்" என்றேன். மின்ட் மட்டும் இருக்கும் கணினியில், எதில் பூட் ஆவது என்று கேட்கும் க்ரப் மெனு தானாகத் தெரியாது, இப்படித்தான் வரவழைக்க வேண்டும். முதல் தடவை இரண்டு முறை தட்டிவிட்டார், கறுப்புத் திரையில் போய் நின்றது. அணைத்துப் போட்டு மறுபடி முயன்றதில் மெனு வந்தது. அதில் கூடுதல் தேர்வுகளுக்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வைஃபை வந்துவிட்டது!

அந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை கிடைத்தது. சிப் நன்றாக இருக்கிறது, புதிய கர்னலுக்குத்தான் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லை. அந்த சிப்பின் டிரைவர் கர்னலோடு வருவதில்லை. ஒவ்வொரு புதிய கர்னல் வரும்போதும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைப் புதிதாகக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கி, சேர்க்கும். அதன் நிலையைப் பார்க்கச் சொன்னேன். பெரியப்பா எழுத்தெழுத்தாக வாசித்தார். ஒரே ஒரு வரி, அதுவும் பழைய கர்னலுக்கு. புதியதற்கு வரியே இல்லை. கம்பைல் செய்யத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகள் கணினியில் இல்லை.

ஏன் இல்லை? மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி கருவியின் ஹிஸ்டரி பதிவைத் திறந்து பார்த்தால், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் ஹெடர்களை மொத்தமாக நீக்கும் கட்டளை இருந்தது. "டிஸ்க்கில் இடம் காலி செய்வது எப்படி" என்று ஒரு வீடியோ பார்த்துச் செய்தாராம். கர்னலையும் ஹெடரையும் சேர்த்தே இழுத்துவரும் மெட்டா பேக்கேஜும் அதோடு போய்விட்டது. ஏற்கெனவே கம்பைல் ஆன டிரைவர் இருந்ததால் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கர்னல் தனியாக வந்து இறங்கியபோதுதான் வைஃபை போனது. பழைய கர்னலில் இருந்தபடியே அந்த மெட்டா பேக்கேஜைத் திரும்ப நிறுவினோம். டிரைவர் தானாகக் கம்பைல் ஆனது. மொத்தம் 40 நிமிடம்.

புதிதாக நிறுவியிருந்தாலும் வைஃபை வந்திருக்கும். ஆனால் பெரியப்பா அதே வீடியோவை மறுபடி பார்த்து, அதே கட்டளையை மறுபடி கொடுத்திருப்பார். அதனால் கேட்கிறேன், கோளாறு என்னவென்றே பார்க்காமல் சொல்லும் முதல் பதிலாக இது இருக்கலாமா?

இரவுப்பணி

உங்கள் பெரியப்பாவுக்கு நீங்கள் இருந்தீர்கள். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் 15 வருடமாக சர்வர் பராமரிப்பில் இருக்கிறேன், ஓய்வு நேரத்தில் புதியவர்களுக்கு உதவுகிறேன். அந்த மூன்று பேரில் நான் இல்லை, இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

உதவி கேட்கிறவரின் திரை எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் மறுநாள் வரும், அதுவும் மொபைலில் எடுத்த மங்கலான படமாக. இப்படியே நாலு நாள் ஓடும். அந்த நாலு நாளும் அவர் கரண்ட் பில் கட்ட முடியாது, பேத்தியுடன் வீடியோ கால் பேச முடியாது. நிறுவல் ஒரு மணி நேர வேலை. முடிவில் எல்லாம் தெரிந்த நிலையில் இருக்கும் ஒரு கணினி கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. பழுது பார்க்கிறோம் என்று நாம் செய்யும் சேதம் சின்னதல்ல. ஒருவர் சவுண்ட் வரவில்லை என்று என்னிடம் வந்தார். அதற்குள் நாலு பேர் சொன்ன நாலு வழிகளையும் செய்து பார்த்திருந்தார். எல்லாமே பல்ஸ்ஆடியோ என்ற பழைய சவுண்ட் அமைப்பின் காலத்துக் குறிப்புகள். ஃபெடோரா, உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் முறையே 2021லும் 2022லும் பைப்வயர் என்ற புதிய அமைப்புக்கு மாறிவிட்டன, மின்ட் 22 பதிப்பும் அதில்தான் ஓடுகிறது. இவரோ பழைய குறிப்புப்படி பைப்வயரில் பாதியை நீக்கி, பல்ஸ்ஆடியோவை மேலே ஏற்றி, மூன்று கான்ஃபிக் கோப்புகளைத் திருத்தியிருந்தார். முதல் கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரிக்கவே வழியில்லை. அவருடைய சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொல்லி, மின்ட்டைப் புதிதாகப் போட வைத்தேன். சவுண்ட் வந்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பனங்காடு

இரவுப்பணி சொல்லும் சவுண்ட் கதையில் தப்பு செய்தது யார்? பதில் சொன்னவர்கள். எந்தப் பதிப்பு என்று கேட்காமல் பழைய குறிப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மருந்து கேள்வி கேட்பதுதானே?

நான் ஆர்ச் பயன்படுத்துகிறேன், எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளும் லினக்ஸ் வகை அது. 2022 ஆகஸ்டில் வந்த ஒரு க்ரப் அப்டேட்டுக்குப் பிறகு ஆர்ச் வழிவந்த பல கணினிகள் பூட் ஆகவில்லை. லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில்) ஏறி, க்ரப்பை மறுபடி நிறுவினால் போதும், சரியாகிவிடும். அதற்காக டிஸ்க்கையே அழித்தவர்களும் உண்டு என்பதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

இரவுப்பணி

ஆர்ச் பயன்படுத்துகிறவர் விரும்பி அந்த வழியில் போனவர். நான் பேசுவது கணக்கு வாத்தியார்களைப் பற்றி.

டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒட்டும் கட்டளை எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2021 நவம்பரில் உலகமே பார்த்த சாட்சி இருக்கிறது. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போன ஒரு பிரபல யூடியூபர், தன் டெஸ்க்டாப் மொத்தத்தையும் நீக்கிக்கொண்டார். ஏபிடி எச்சரித்தது. "ஆம், நான் சொன்னபடி செய்" என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சச் சொன்னது. தட்டச்சினார், போய்விட்டது. கணினியோடே வாழ்கிற மனிதருக்கே அந்தக் கதி. அதற்கப்புறம் அந்த வாக்கியத்தைத் தட்டித் தாண்ட முடியாதபடி ஏபிடியையே மாற்றினார்கள். கணினி பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் நான் எப்படிக் கட்டளைகளை வரிசையாகக் கொடுப்பேன்?

செவ்வந்தி

பார்க்கச் சொல்லும் கட்டளை வேறு, மாற்றச் சொல்லும் கட்டளை வேறு. நான் பெரியப்பாவைக் கொடுக்கச் சொன்னவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை எதையும் மாற்றாதவை. நிலையைக் காட்டு, பதிவைக் காட்டு, அவ்வளவுதான். இதில் எந்த ஆபத்தும் இல்லை.

அப்புறம், புதிதாக நிறுவினால் எல்லாம் தெரிந்த நிலைக்கு வந்துவிடும் என்கிறீர்கள். 2024 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல்களை) தடுக்கும் எஸ்பிஏடி விதியை, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் இரட்டை பூட் கணினிகளிலும் எழுதிவிட்டது. லினக்ஸ் பக்கம் போனால் "பாதுகாப்புக் கொள்கை மீறல்" என்று சொல்லி அணைந்துவிடும். அந்த விதி டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில், கணினியைத் தொடங்கி வைக்கும் யுஇஎஃப்ஐ மென்பொருளின் நினைவகத்தில் இருந்தது. டிஸ்க்கை எத்தனை தடவை அழித்தாலும் போகாது. பலருக்கு நிறுவல் பென்டிரைவே பூட் ஆகவில்லை. நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யுடில் கருவியால் அந்த விதியை அழித்து, ரீஸ்டார்ட் செய்து, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட வேண்டும். அவ்வளவே தீர்வு. திரையில் வந்த அந்த ஒரு வரியை உட்கார்ந்து படித்தால்தான் இது பிடிபடும்.

இரவுப்பணி

ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல உதாரணம். ஆனால் அதை ஒருவர் கண்டுபிடித்தால் போதும், மற்றவர்கள் பின்பற்றலாம். ஒவ்வொரு வீட்டிலும் துப்பறிய வேண்டியதில்லை.

செவ்வந்தி

அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? டிஸ்க்கை அழிக்காத ஒரு வீட்டிலிருந்துதானே? அழிக்கும் ஒவ்வொரு கணினியோடும் அதன் பதிவுகளும் போகின்றன. பத்துப் பேருக்கு ஒரே கோளாறு வந்து, பத்துப் பேரும் புதிதாக நிறுவிவிட்டால், பதினோராவது ஆளுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. டெவலப்பருக்குப் பக் ரிப்போர்ட்டும் போகாது.

புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மின்ட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உதவி கேட்கும்போது நான் என்னவெல்லாம் தர வேண்டும்?

பனங்காடு

மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் கணினித் தகவல் பகுதியை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். சிப், கர்னல், டிரைவர் எல்லாம் அதில் வந்துவிடும். கோளாறுக்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். அப்புறம் இன்றைக்கே டைம்ஷிஃப்டைத் திறந்து தினசரி ஸ்னாப்ஷாட் போட்டுவிடுங்கள். அப்டேட் கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது உங்கள் போட்டோக்களைக் காப்பாற்றாது. ஹோம் கோப்புறையை அது இயல்பாகவே சேர்க்காது, அதற்குத் தனி நகல் வெளி டிஸ்க்கில் வேண்டும்.

இரவுப்பணி

டைம்ஷிஃப்ட் விஷயத்தில் நம் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். முதலிலேயே போட்டு வைத்திருந்தால் இந்தச் சண்டையே பாதி தேவையில்லை.

மற்றபடி என் நிலை மாறவில்லை, செவ்வந்தி. நேரில் ஆள் இருந்தால், அல்லது உங்கள் பெரியப்பா மாதிரி எழுத்தெழுத்தாக வாசிக்கும் பொறுமை இருந்தால், காரணத்தைத் தேடலாம். இரண்டும் இல்லாதவருக்கு, இரண்டு கேள்விக்குள் விடை கிடைக்காவிட்டால், நான் பென்டிரைவைத்தான் எடுக்கச் சொல்வேன்.

செவ்வந்தி

இரண்டு கேள்வி கேட்பேன் என்கிறீர்களே, அந்த மூன்று பேர் அதைக்கூடச் செய்யவில்லை. அதற்கே உங்களுக்கு நன்றி.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். பென்டிரைவை எடுக்கச் சொல்லும் முன், ஹோம் கோப்புறையோடு சேர்த்து ஏபிடியின் ஹிஸ்டரி பதிவையும், கடைசி பூட்டின் ஜர்னலையும் (கணினி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவையும்) நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அவர் கணினி அன்றைக்கே ஓடட்டும். அந்தக் கோப்புகளை எனக்கு அனுப்புங்கள், ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுக் காரணத்தை இங்கேயே எழுதுகிறேன்.

இரவுப்பணி

அது முடியும். போன வாரம் ஒருவருக்குப் புளூடூத் போயிருக்கிறது, நாளை நிறுவச் சொல்லியிருந்தேன். இன்று மாலைக்குள் அனுப்பச் சொல்கிறேன்.