ஓடைக்கரைப் பட்டாக்களும் ஆற்றங்கரைக் கடலும்: கிராம சபைக்கு முன் ஒரு வேண்டுகோள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் பக்கம் வாக்கப்பட்டுப் போன நம்ம ஊர் அக்கா எழுதியிருந்த மடலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டம் ஏறுவதைப் பற்றிக் கடலோரத்தில் எங்கே பார்த்தாலும் பேச்சு நடக்கிறது, தண்ணீர் புறப்படுகிற மலைக்காரர்கள் அதில் வாய் திறக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். அதற்குத் துபாயிலிருந்து மாமா, "நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற தாண்டிக்குடிக்குக் கடல் மட்டத்தோட என்னப்பா சோலி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சோலி இருக்கிறது மாமா. அதுவும் ஊரில் இருப்பவர்களைவிட, வெளியூரில் உட்கார்ந்துகொண்டு பட்டாவை மட்டும் கையில் வைத்திருக்கும் நமக்குத்தான் அதிகம்.

முதலில் தண்ணீர் போகும் வழி. நம்ம பழனி மலையின் வடக்குச் சரிவில் பெய்வது சண்முகநதி, குடகனாறு என்று இறங்கி அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்கே விழுவது மஞ்சளாறு, மருதாநதி என்று வைகைக்குப் போகிறது. நம்ம காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிற ஓடைகள் அய்யம்பாளையத்துக்கு மேலே மருதாநதி அணையில் சேர்ந்து, சித்தரேவுப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகையோடு கலக்கிறது. வைகை மதுரை, மானாமதுரை, பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கும். கண்மாய் நிறைந்து வழிகிற நல்ல வருஷத்தில் மட்டும் ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலைத் தொடும். அக்கா வாக்கப்பட்ட இடம் அந்தப் பக்கம்தான்.

கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கையின்படி 1901 முதல் 2018 வரை உலக சராசரியில் 20 சென்டிமீட்டர். கேட்க ஒரு சாண் அளவுதான். ஆனால் 1971 வரை வருஷத்துக்கு 1.3 மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டிருந்தது, 2006க்கும் 2018க்கும் இடையே 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. நாம் விடுகிற புகையைப் பொறுத்து 2100க்குள் கால் மீட்டரும் ஏறலாம், ஒரு மீட்டரும் ஏறலாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அரண் போன பிறகு ஏறுகிற கடல் மிச்சத்தைத் தின்கிறது.

கரை அரிப்பு கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடக்கிற இன்னொன்றைத்தான் அக்கா எழுதியிருந்தார், எனக்கும் அதுதான் மனசில் தங்கிவிட்டது. அந்தக் கரையில் பொம்பளைகள் மணலில் ஊற்றுத் தோண்டி, குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையால் நல்ல தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு அள்ள முடியாது. ஒரு சிரட்டை அள்ளினால் அடுத்தது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மணல் கலங்கினால் தெளியவிட வேண்டும். கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பு வந்துவிடும். மழைத் தண்ணீர் கனம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நிலத்தடி நீர் ஆட்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் நிற்கிற நல்ல தண்ணீர் ஒரு அடி குறைந்தால், அடியிலிருந்து உப்பு ஏறத்தாழ 40 அடி மேலே வரும். கடல் ஏறினாலும் இதே ஆபத்து, உள்ளே கண்மாய்கள் வறண்டாலும் இதே ஆபத்து. ஊற்றுக்கு உயிர் அங்கே பெய்கிற மழை. உள்ளே தள்ளி இருக்கிற கிணறுகளுக்கோ கண்மாய் நிறைய வேண்டும், கண்மாய் நிறைய வைகை வர வேண்டும்.

நெதர்லாந்தில் நான் இருக்கிற டோர்ட்ரெக்ட் நகரத்தைச் சுற்றி ஆறுகள்தான். இந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. 1953 வெள்ளத்தில் 1,836 பேர் செத்த பிறகு கடலை அடைத்துப் பெரிய பெரிய தடுப்புகள் கட்டினார்கள். அதோடு முடிந்தது என்று இருந்தவர்களுக்கு 1995இல் வெள்ளம் பின்பக்கமாக, ஆற்றில் வந்தது. மேலே ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் பெய்த மழை. இரண்டரை லட்சம் பேர் வீட்டைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை செய்தார்கள்.

அதில் ஓவர்டீப் என்கிற இடம் ஒன்று. மாஸ் ஆற்றங்கரையில் மாடு வளர்க்கிற குடியானவர்களின் நிலம். கரையைத் தாழ்த்தி வெள்ளத்தை உங்கள் வயலுக்குள் விடப்போகிறோம் என்று அரசு சொன்னபோது, அவர்கள் உட்கார்ந்து தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். சிலர் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு இடம் போனார்கள். மற்றவர்களுக்குப் பின்கரையை ஒட்டி மண் மேடுகள் போட்டு, அதன் மேல் வீடும் தொழுவமும் கட்டினார்கள். வெள்ளம் வந்தால் மேய்ச்சல் நிலம் முங்கும், வீடும் மாடும் மேலே இருக்கும். அந்தத் தண்ணீர் அங்கே பரவி நின்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆற்றின் உயரம் குறைகிறது. யாருக்காகத் தங்கள் வயலை விட்டுக்கொடுத்தார்களோ அவர்கள் முகத்தை இவர்கள் பார்த்ததுகூட இருக்காது. எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது.

இன்னொன்று, இங்கே நீர் வாரியம் என்று தனியாக 21 இருக்கிறது. எல்லை மாகாணக் கோட்டின்படி போகாது, தண்ணீர் ஓடுகிறபடி போகும். தனி வரி, தனித் தேர்தல். குடியுரிமை இல்லாவிட்டாலும் முறையாகக் குடியிருந்தால் ஓட்டு உண்டு. 2023 மார்ச்சில் நானும் போட்டேன். 2018, 2022 கோடைகளில் ரைன் ஆறு வற்றியபோது கடல் உப்பு ஆற்று வாயில் ஏறி வந்தது. மேலிருந்து நல்ல தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள்.

நம் பக்கம் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கடற்கரைக்கு ஒரு விதி, அணைக்கு ஒரு துறை, மலைக்கு 1990இலிருந்து ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை. கடற்கரைக்குள்ளேயே ஒரு குப்பத்தைக் காப்பாற்றத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் சுவர்) போட்டால், மணல் வரத்து நின்று அடுத்த குப்பம் அரித்துப்போகிறது. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர் கட்டினார்கள், அதற்கு வடக்கே நகரத்துக் கடற்கரை போனது, அதையும் தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களும் அரிபட்டன. இரண்டு அரசு, ஒரே மணல். ஊர் ஊராகத் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். கடலோரத்துக்கான திட்டம் ஆறு புறப்படும் இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடலும் நம்மை விட்டுவைக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், திண்டுக்கல் வழியாக வந்து நம்ம மலை மேல் ஏறித்தான் கேரளாவுக்குப் போனது. மரம் சாய்ந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது ஞாபகம் இருக்கும்.

மலையின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பழனி மலையின் மேல்பகுதியில் இருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 1973க்கும் 2014க்கும் இடையே போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். சீகை (வாட்டில் மரம்), தைலமரம், பைன், விவசாயம் எல்லாமாகச் சேர்ந்து தின்றது. பெய்கிற மழையைப் பிடித்துவைத்து மாசி பங்குனியிலும் ஓடையில் கசியவிட்டது அந்தப் புல்லும் சோலையும்தான். நம்ம உயரத்தில் அந்த வேலையைச் செய்கிறது நிழல் மரங்களோடு இருக்கிற காபித் தோட்டம். அதைப் பிடுங்கிவிட்டுக் காட்டேஜ் கட்டுவதற்கு இப்போது எவ்வளவு விலை பேசுகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். புரோக்கர் போன் வராத ஆள் இந்தக் குழுவில் இருக்க முடியாது. அவர்கள் முதலில் கேட்பது ஓடைக்கரை நிலத்தைத்தான். ஓடைச் சத்தமும் கேட்கும், போர்வெல் போட்டால் தண்ணீரும் கிடைக்கும்.

மருதாநதி ஒன்று ராமநாதபுரத்தைக் காப்பாற்றிவிடாது, எனக்குத் தெரியும். வைகைக்குப் பெரும் தண்ணீர் வருசநாட்டிலிருந்தும் பெரியாற்றிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் வருசநாட்டுக்காரரும் போடிக்காரரும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஆற்றில் என்ன மிஞ்சும்?

ஆகவே நான் கேட்பது இது. ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கரையிலிருந்து எத்தனை அடி தோட்டமாகவே விடுவது என்று எல்லோரும் பேசி முடிவு செய்து, விற்றாலும் அந்த இடத்தில் கட்டுவதில்லை என்று நமக்குள் எழுதி வைத்துக்கொள்வோம். என் பங்கு நிலத்துக்கு நான் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், தம்பியும் சம்மதித்துவிட்டான். பணம் கட்டாயம் வேண்டியவர்கள் விற்கும்முன் குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஊருக்குள்ளேயே வாங்க ஆள் இருக்கிறதா பார்ப்போம். பிள்ளை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் விற்பவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

அடுத்து, ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தீர்மானம் வைக்க வேண்டும்: வைகைக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்கும் போடுகிற எந்தத் திட்டத்திலும் மருதாநதி தலைப்பகுதிக் கிராமங்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று. நாம் வெளியூர்க்காரர்கள், அங்கே கை தூக்க முடியாது. ஊரில் இருக்கும் அண்ணன், அக்காமார்தான் தூக்க வேண்டும். வரைவை நான் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், சென்னையில் வக்கீலாக இருக்கும் தம்பி திருத்திக் கொடுக்கட்டும். அதே தீர்மானத்தை அய்யம்பாளையத்திலும், அக்கா மூலமாக ஆற்றங்கரைப் பக்கமும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தோட்டத்தில் மழைமானி வைத்திருப்பவர்கள் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பினால், மாத வாரியாக அடுக்கி அக்காவுக்கும் அவர் ஊர்க் கண்மாய் ஆட்களுக்கும் அனுப்புகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். யார் யார் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
தாண்டிக்குடியிலிருந்து டோர்ட்ரெக்ட் வந்த உங்கள் தம்பி